வீட்டு நெட்வொர்க்குக்கு விபிஎன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூரில் இருந்துகொண்டு வீட்டிலுள்ள கேமராவையோ கணினியையோ பாதுகாப்பாகத் திறந்து பார்க்க வேண்டும், அதற்கு வீட்டிலேயே ஒரு விபிஎன் (இணையத்தின் நடுவே போடும் பூட்டிய சுரங்கப்பாதை) சர்வர் வைக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கான பக்கம் இது. நம்மூர் ஃபைபர் இணைப்புகளை மனதில் வைத்து எழுதியது. லினக்ஸ் கொஞ்சம் பழகியிருந்தால் நல்லது. பழகாதவர்களுக்கும் வழி இருக்கிறது, கீழே வரும்.

விளம்பரத்தில் வரும் விபிஎன் ஆப்பும் இதுவும் ஒன்றா?

இல்லை. பயணத்தின் திசையே வேறு. காசு கட்டி வாங்கும் விபிஎன்னில் உங்கள் போக்குவரத்து வீட்டிலிருந்து கிளம்பி, வேறு நாட்டிலுள்ள அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து இணையத்துக்குள் இறங்குகிறது. வீட்டு விபிஎன்னில் நீங்கள் வெளியே இருக்கிறீர்கள், வீட்டுக்குள் வருகிறீர்கள். பெங்களூரு ஹாஸ்டலில் உட்கார்ந்திருந்தாலும் மதுரை வீட்டு வைஃபையில் இருப்பதுபோல எல்லாம் நடக்கும்.

இதனால் உங்கள் அடையாளம் மறையாது. வெளிநாட்டுப் படங்கள் திறக்காது. வீட்டு இணைப்பு தரும் நிறுவனம் இதுவரை எதைப் பார்த்ததோ அதை இனியும் பார்க்கும். ஒளிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால் இது உங்களுக்கான பக்கம் அல்ல.

அப்படியென்றால் யாருக்குத் தேவை?

வீட்டில் கேமரா டிவிஆர் (பதிவுப் பெட்டி) வைத்து, அதை வெளியிலிருந்து பார்க்க ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை, போர்ட் என்ற வாசல் எண்ணைப் பார்த்து, உள்ளே உள்ள ஒரு கருவிக்குத் திருப்பிவிடுவது) போட்டு வைத்திருப்பவர்களுக்கு உடனடியாகத் தேவை. 2016இல் மிராய் என்ற நிரல் இப்படித் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடிப் பிடித்து, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டையே போட்டு உள்ளே நுழைந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) நிறுவனத்தை அவற்றைக்கொண்டே தாக்கியதில் ட்விட்டர் போன்ற பெரிய தளங்களே பல மணி நேரம் தடுமாறின. கேமராக்காரர்களுக்குத் தங்கள் டிவிஆர் அதில் பங்கெடுத்தது தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

அடுத்து, வீட்டுக் கணினியில் டேலி ஓட்டுபவர்கள். வெளியிலிருந்து கணக்கு பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை அப்படியே இணையத்துக்குத் திறந்து வைப்பது ரான்சம்வேருக்கு (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. விபிஎன் வழியாக வந்தால் அந்தப் போர்ட் வெளியே தெரியவே தெரியாது.

அப்புறம் நாஸ் (வீட்டுக் கோப்புச் சேமிப்பகம்), ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுக் கருவிகளை இயக்கும் நிரல்), ஜெல்லிஃபின் (சொந்தப் பட சர்வர்) வைத்திருப்பவர்கள். கேமரா மட்டும்தான், அதுவும் நிறுவனத்தின் கிளவுட் ஆப்பிலேயே சரியாகத் தெரிகிறது, அந்த நிறுவனத்தின் மேல் நம்பிக்கையும் இருக்கிறது என்றால் பேசாமல் விட்டுவிடலாம்.

முதலில் என்ன வாங்க வேண்டும்?

ஒன்றும் வாங்காதீர்கள். ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி (இனி 'பை') வாங்கி, இரவெல்லாம் உட்கார்ந்து எல்லாம் போட்டுவிட்டு, கடைசியில் வெளியிலிருந்து எட்டவே முடியவில்லை என்று கேட்பவர்கள்தான் அதிகம். உங்கள் வீட்டுக்கு உண்மையான பொது ஐபி முகவரி (இணையத்தில் எங்கிருந்தும் நேராக எட்டக்கூடிய எண்) இருக்கிறதா என்பதை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் நுழைந்து, 'வான்' அல்லது 'இன்டர்நெட்' பகுதியில் இருக்கும் ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வைஃபையில், என் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்ல செய்தி. வேறு வேறாக இருந்தால், ரூட்டரில் உள்ள எண் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையான எண்ணாக இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் (பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி, விளக்கம் கீழே) இருக்கிறீர்கள். 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான்.

192.168 என்று தொடங்கினால் கொஞ்சம் பொறுங்கள். நிறுவனம் தந்த பெட்டிக்குப் பின்னால் நீங்களே இன்னொரு ரூட்டர் வாங்கி மாட்டியிருப்பீர்கள். முன்னால் உள்ள பெட்டியின் பக்கத்துக்குப் போய் அதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே பொது ஐபி இருந்தால், அதை பிரிட்ஜ் மோடில் (ரூட்டர் வேலை செய்யாமல் வெறும் பாலமாக) போட்டு உங்கள் ரூட்டரிலேயே பிபிபிஓஇ (நிறுவனத்தின் இணைப்புக்குள் நுழையும் முறை) பயனர் பெயரைக் கொடுத்து இணைப்பது சுத்தமான வழி. முடியாவிட்டால் இரண்டு பெட்டியிலும் போர்ட் ஃபார்வர்டிங் போட வேண்டியிருக்கும். அதுவும் வேலை செய்யும், பார்க்கத்தான் அழகாக இருக்காது.

சிஜிநாட் என்றால் என்ன? ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலக அளவிலான கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. நம் ஆசிய வட்டாரத்துக்கான பங்கு அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. பிறகு வந்த வாடிக்கையாளர்களுக்கு ஆளுக்கொரு முகவரி தர வழியில்லாததால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகிறார்கள். இதற்கென்றே 2012இல் 100.64.0.0/10 என்ற தொகுதியை ஒதுக்கிவைத்தார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தெருப் பெயரும் கதவு எண்ணும் கட்டடத்துக்குத்தான். உள்ளேயிருந்து யாரும் வெளியே போகலாம். வெளியிலிருந்து வருபவர் எந்த வீடு என்று சொல்லாவிட்டால் காவலாளி வாசலிலேயே நிறுத்திவிடுவார். உங்கள் ரூட்டரில் எத்தனை போர்ட் ஃபார்வர்டிங் போட்டாலும் பயனில்லை, ஏனென்றால் அந்தக் காவலாளி நிறுவனத்தின் ஆள்.

சிஜிநாட்டில்தான் இருக்கிறேன். என்ன வழி?

நிறுவனத்தைக் கேளுங்கள். கூடுதல் கட்டணத்துக்கு நிலையான ஐபி தருபவர்கள் உண்டு. வணிகத் திட்டங்களுக்கு மட்டும் தருபவர்களும் உண்டு. வாடிக்கையாளர் சேவை எண்ணில் எடுப்பவருக்குப் பெரும்பாலும் கேள்வியே புரியாது. 'ஸ்டாட்டிக் ஐபி வேண்டும்' என்று மட்டும் சொல்லுங்கள், சிஜிநாட் என்று ஆரம்பித்தால் ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார்கள். உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் வழியாக ஃபைபர் எடுத்திருந்தால் அவரிடமே நேரில் பேசுவது பலிக்கும்.

இரண்டாவது வழி ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை. அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

மூன்றாவது டெயில்ஸ்கேல் போன்ற சேவை. இங்கே இரு பக்கமும் உள்ளிருந்து வெளியே போய் நடுவில் சந்தித்துக்கொள்கின்றன. அதனால் பொது ஐபி, போர்ட் ஃபார்வர்டிங் எதுவும் வேண்டாம்.

நான்காவது, மும்பையிலோ ஹைதராபாத்திலோ ஒரு சின்ன விபிஎஸ் (இணையத்தில் எப்போதும் ஓடும் சர்வர்) வாடகைக்கு எடுப்பது. அதற்குப் பொது ஐபி இருக்கும். வீட்டு பை அதை நோக்கி ஒரு இணைப்பைத் திறந்து வைத்திருக்கும், உங்கள் போனும் அதே இடத்துக்கு வரும். முழுக் கட்டுப்பாடும் உங்கள் கையில் இருக்கும். அந்த சர்வரைப் பராமரிக்கும் வேலையும் உங்கள் தலையில்தான்.

டெயில்ஸ்கேலே போதுமென்றால் ஏன் மற்றதெல்லாம்?

பெரும்பாலான வீடுகளுக்கு அது போதும் என்பதுதான் என் கருத்து. உள்ளே ஓடுவது வயர்கார்டு என்ற விபிஎன் நிரல்தான். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசத் திட்டம் இருக்கிறது. பழைய லேப்டாப்பிலோ பையிலோ நிறுவி, அதை 'சப்நெட் ரூட்டர்' ஆக்கிவிட்டால் டிவிஆர், பிரிண்டர் போன்ற ஆப் போட முடியாத பெட்டிகளையும் எட்டலாம். லினக்ஸ் தெரியாதவர்களுக்கு வழி இருக்கிறது என்று சொன்னது இதைத்தான்.

இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு இறங்குங்கள். யார் யாரோடு இணையலாம் என்பதை நிர்வகிப்பது அவர்களின் சர்வர். உங்கள் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கு கையைவிட்டுப் போனால் வீட்டு நெட்வொர்க்குக்கான வழியும் கூடவே போகிறது, ஆகவே அந்தக் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். இன்னொன்று, நேரடி இணைப்பு அமையாதபோது எல்லாம் அவர்களின் ரிலே சர்வர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். அப்போதும் உள்ளடக்கம் பூட்டியபடிதான் இருக்கும், ஆனால் வேகம் படுத்துவிடும்.

டெயில்ஸ்கேல் உங்கள் கருவிகளுக்குத் தருவதும் 100 என்று தொடங்கும் அதே தொகுதி முகவரிதான். அதைப் பார்த்துவிட்டு சிஜிநாட் என்று பயப்பட வேண்டாம்.

கட்டுப்பாடு முழுக்க நம்மிடமே இருக்க வேண்டும் என்பவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

ஐபிவி6 மட்டும் வைத்து ஓட்டலாமா?

ஓட்டலாம், நம் நாட்டில் அதற்கு நல்ல வாய்ப்பு. ஜியோ 2016இல் வந்தபோதே ஐபிவி6-ஐ அடிப்படையாக வைத்துத்தான் வந்தது. இன்று நம் மொபைல் டேட்டாவில் பெரும்பகுதி அதில்தான் ஓடுகிறது. வீட்டு ஃபைபரிலும் ஐபிவி6 கிடைத்தால் உங்கள் பைக்கு உலகிலிருந்து நேராக எட்டக்கூடிய சொந்த முகவரி உண்டு.

தடை ரூட்டரின் ஃபயர்வாலில் (உள்ளே வருவதை வடிகட்டும் காவல்) இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஐபிவி6 இணைப்புகளை அது இயல்பாகவே தடுக்கும், தடுக்கவும் வேண்டும். பையின் முகவரிக்கும் வயர்கார்டின் யுடிபி (தரவு அனுப்பும் முறைகளில் ஒன்று, இன்னொன்று டிசிபி) போர்ட்டுக்கும் மட்டும் அனுமதி எழுத வேண்டும். நிறுவனம் தரும் சில ரூட்டர்களில் இதற்கான பக்கமே இருக்காது. அப்போது சொந்த ரூட்டர்தான் வழி. இன்னொரு குறை, நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஹோட்டல் வைஃபையில் ஐபிவி6 இல்லையென்றால் வீட்டை எட்ட முடியாது. போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

வயர்கார்டா, ஓப்பன்விபிஎன்னா?

புதிதாகப் போடுபவர்களுக்கு வயர்கார்டு. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) சேர்ந்துவிட்டது, அதனால் இன்றைய லினக்ஸ் எதிலும் தனியாக டிரைவர் தேட வேண்டாம். கெர்னலுக்கான நிரல் ஏறத்தாழ 4,000 வரிகள்தான். சரியான கீ (டிஜிட்டல் சாவி) இல்லாமல் வரும் எந்தப் பொட்டலத்துக்கும் (தரவுத் துண்டு) பதிலே சொல்லாது. இணையத்தில் போர்ட் தேடி அலைபவனுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது.

ஓப்பன்விபிஎன் 2001இலிருந்து இருக்கிறது, இன்றும் நம்பகமானதுதான். அதன் பெரிய பலம், டிசிபி 443 போர்ட்டில் ஓடி சாதாரண இணையதளப் போக்குவரத்துபோல நழுவிப் போகும். வயர்கார்டு யுடிபி மட்டுமே பேசும்.

பழைய ரூட்டர்களில் பிபிடிபி என்று ஒரு பழைய விபிஎன் வசதி இருக்கும். தொடவே தொடாதீர்கள். அதன் பூட்டு 2012இலேயே முழுசாக உடைக்கப்பட்டுவிட்டது.

எந்தக் கருவியில் ஓட்டுவது?

உங்கள் ரூட்டரிலேயே வயர்கார்டு சர்வர் இருந்தால் அதுவே முதல் தேர்வு. ஆசஸ், ஜிஎல்.ஐநெட் ரூட்டர்கள் பலவற்றில் இருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான திறந்த மென்பொருள்) போடக்கூடிய ரூட்டரிலும் சேர்த்துக்கொள்ளலாம். தனிப் பெட்டியும் தனி மின்சாரமும் மிச்சம்.

இல்லையென்றால் ராஸ்பெர்ரி பை 4. அதில் ஏஇஎஸ் என்ற பூட்டு முறைக்கான வன்பொருள் உதவி கிடையாது, ஆனால் வயர்கார்டு பயன்படுத்துவது சாச்சா20 என்ற வேறு பூட்டு முறை என்பதால் குறை தெரியாது. மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பும் நல்ல தேர்வே. பேட்டரியில் உயிர் இருந்தால் அதுவே யுபிஎஸ்.

அமைக்கும் வரிசை எப்படி?

பையை ரூட்டரோடு லேன் கேபிளில் இணையுங்கள், வைஃபையில் வேண்டாம். ரூட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் போட்டு அதற்கு மாறாத உள் முகவரி கொடுங்கள். இதை விட்டவர்களுக்கு ஒரு மின்வெட்டுக்குப் பிறகு போர்ட் ஃபார்வர்டிங் டிவியைப் பார்த்து நிற்கும்.

வயர்கார்டை நிறுவி, சர்வருக்கு ஒரு கீ ஜோடி, ஒவ்வொரு போனுக்கும் கணினிக்கும் ஒரு கீ ஜோடி உருவாக்குங்கள். பிரைவேட் கீ அந்தந்தக் கருவிக்கே சொந்தம், பப்ளிக் கீ மட்டும் எதிர்ப்பக்கம் போகும். விபிஎன்னுக்குள் 10.77.5.0/24 போல யாரும் சாதாரணமாகப் பயன்படுத்தாத ஒரு தொகுதியை எடுத்து, சர்வருக்கு 1, போனுக்கு 2, லேப்டாப்புக்கு 3 என்று எண் கொடுங்கள்.

பையில் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்க வேண்டும். இது இல்லாமல் பை வரைக்கும் வர முடியும், அதைத் தாண்டி டிவிஆருக்குப் போக முடியாது. கூடவே மாஸ்கரேட் விதியும் போடுங்கள். விபிஎன்னிலிருந்து வரும் கேள்வி பையே கேட்பதுபோல வீட்டுக் கருவிகளுக்குத் தெரியும். டிவிஆர் பொருத்த வந்தவர் கேட்வே (வெளியே போகும் வழி) கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போயிருந்தால்கூட இதனால் வேலை நடக்கும், அப்படி விட்டுப்போவது சகஜம்.

கடைசியாக ரூட்டரில் யுடிபி 51820 போர்ட்டைப் பைக்குத் திருப்புங்கள். டிசிபி என்று தேர்ந்தெடுத்தால் எதுவும் நடக்காது. போனில் கான்ஃபிக்கை (அமைப்புக் கோப்பு) கையால் தட்டச்சு செய்ய வேண்டாம், கியூஆர் கோடாக மாற்றி வயர்கார்டு ஆப்பில் ஸ்கேன் செய்யுங்கள். அந்தக் கியூஆர் கோடுக்குள் பிரைவேட் கீ இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் பொருள் அல்ல.

இதையெல்லாம் கையால் செய்ய விருப்பமில்லை என்றால் டபிள்யூஜி-ஈஸி என்ற டாக்கர் (நிரல்களைத் தயார் பொதியாக ஓட்டும் கருவி) தொகுப்பு ஒரு இணையப் பக்கத்திலேயே முடித்துத் தரும். அந்தப் பக்கத்தை மட்டும் வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள்.

'அலவ்டு ஐபிஸ்' என்ற கட்டத்தில் என்ன போட வேண்டும்?

போனில் உள்ள கான்ஃபிக்கில், எந்த முகவரிகளுக்கான போக்குவரத்து சுரங்கம் வழியாகப் போக வேண்டும் என்பதை அது சொல்கிறது. 0.0.0.0/0 என்றும் ::/0 என்றும் போட்டால் எல்லாமே வீடு வழியாகத்தான் போகும். விமான நிலைய வைஃபையில் இது நல்லது. வீட்டு நெட்வொர்க் தொகுதியையும் விபிஎன் தொகுதியையும் மட்டும் போட்டால், டிவிஆருக்கான போக்குவரத்து வீட்டுக்கும் யூடியூப் நேராகவும் போகும். அன்றாடப் பயன்பாட்டுக்கு இரண்டாவதுதான் சரி. ஆப்பில் இரண்டையும் தனித்தனியாகச் சேமித்து, வேண்டியதை இயக்கிக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக இருக்கிறது, மாமனார் வீட்டிலிருந்து மட்டும் திறக்கவில்லை. ஏன்?

அங்கேயும் உங்கள் வீட்டு நிறுவனத்தின் ஃபைபரேதானே? ஜியோஃபைபர் ரூட்டர்கள் வழக்கமாக 192.168.29.1 என்ற முகவரியில் இருக்கும். வேறு பல ரூட்டர்கள் 192.168.1.1. உங்கள் வீட்டு டிவிஆர் 192.168.29.50 என்றால், மாமனார் வீட்டில் உங்கள் போன் அந்த முகவரியைக் கேட்கும்போது, 'இது இதே வீட்டில்தானே இருக்கிறது' என்று முடிவெடுத்து அங்கேயே தேடும். சுரங்கத்துக்குள் போகாது. அதிர்ஷ்டம் சரியில்லாவிட்டால் அவர் வீட்டு டிவியின் பக்கம் திறக்கும்.

தீர்வு எளிது, முதல் நாளே செய்வது நல்லது. உங்கள் வீட்டு ரூட்டரின் லேன் முகவரியை 192.168.147.1 போல யாரிடமும் இருக்க வாய்ப்பில்லாத ஒன்றாக மாற்றிவிடுங்கள். நிலையான முகவரி கொடுத்து வைத்திருக்கும் பிரிண்டர், டிவிஆர் எல்லாவற்றிலும் போய் மாற்ற வேண்டியிருக்கும். டிவிஆருக்கு மானிட்டரும் மவுஸும் மாட்டித்தான் மாற்ற வேண்டும் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய்விடும். வீட்டில் எத்தனை கருவி சேர்கிறதோ அத்தனைக்கு இந்த வேலை கூடும்.

பொது ஐபி இருக்கிறது, ஆனால் அடிக்கடி மாறுகிறது.

டைனமிக் டிஎன்எஸ் (மாறும் முகவரிக்கு மாறாத பெயர்) வைத்துக்கொள்ளுங்கள். டக்டிஎன்எஸ் இலவசம். நோ-ஐபியிலும் இலவசத் திட்டம் உண்டு, மாதம் ஒருமுறை மின்னஞ்சலில் உறுதிசெய்யச் சொல்வார்கள், மறந்தால் பெயர் போய்விடும். வீட்டுப் பை சில நிமிடங்களுக்கு ஒருமுறை தன் முகவரியைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

வயர்கார்டு அந்தப் பெயரை இணைப்பைத் தொடங்கும்போதுதான் தேடிப் பார்க்கும். இடையில் வீட்டு ஐபி மாறிவிட்டால் பழைய முகவரிக்கே கத்திக்கொண்டிருக்கும். போனில் சுரங்கத்தை அணைத்து மறுபடி இயக்குங்கள்.

ஆப்பில் ஆன் ஆகிவிட்டது, ஆனால் எதுவும் திறக்கவில்லை.

வயர்கார்டில் 'ஆன்' என்பதற்கு 'இணைந்துவிட்டது' என்று பொருள் இல்லை. வீடே இல்லாவிட்டாலும் அந்தப் பொத்தான் ஆன் ஆகும். பார்க்க வேண்டியது ஹேண்ட்ஷேக், அதாவது இரு பக்கமும் கீயைச் சரிபார்த்துக்கொள்வது. ஆப்பில் அந்த இணைப்பைத் தொட்டால், அனுப்பியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, கடைசி ஹேண்ட்ஷேக் எப்போது என்று காட்டும். பேச்சு நடக்கும்போது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புது ஹேண்ட்ஷேக் நடக்கும். மூன்று நிமிடத்தைத் தாண்டிய ஹேண்ட்ஷேக் செல்லாது.

அனுப்பியது ஏறுகிறது, வந்தது 0-விலேயே நிற்கிறது என்றால் பொட்டலம் பையை எட்டவில்லை, அல்லது கீ பொருந்தாமல் பை வாயை மூடிக்கொண்டிருக்கிறது. சிஜிநாட், போர்ட் ஃபார்வர்டிங், பையின் ஃபயர்வால், கீ என்ற வரிசையில் பாருங்கள். ஒரு பக்கத்தின் பிரைவேட் கீயை மறுபக்கத்தில் பப்ளிக் கீ என்று ஒட்டிவிடுவது அடிக்கடி நடப்பது. இரண்டும் ஒரே நீளத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஹேண்ட்ஷேக் நடக்கிறது, பையும் பதில் சொல்கிறது, டிவிஆர் மட்டும் வரவில்லை என்றால் ஐபி ஃபார்வர்டிங் அல்லது மாஸ்கரேட். முகவரி எண் போட்டால் தளம் திறக்கிறது, பெயர் போட்டால் திறக்கவில்லை என்றால் கான்ஃபிக்கில் டிஎன்எஸ் வரி.

சோதனையை வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு செய்யாதீர்கள். தன் பொது முகவரிக்கே உள்ளிருந்து போவதைப் பல ரூட்டர்கள் அனுமதிப்பதில்லை. போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

வாட்ஸ்அப் செய்தி போகிறது, சில தளங்கள் மட்டும் பாதியில் நிற்கின்றன.

காரணம் எம்டியு, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு. வயர்கார்டு தன் உறையைச் சேர்க்க ஐபிவி4-இல் 60 பைட்டும் ஐபிவி6-இல் 80 பைட்டும் எடுத்துக்கொள்ளும். அதன் வழக்கமான எம்டியு 1420, எனவே ஐபிவி6-இல் மொத்தம் 1500. ஆனால் பிபிபிஓஇ இணைப்பில் 1492தான் போகும். சின்னச் செய்திகள் நுழைந்துவிடும், பெரிய பொட்டலங்கள் மாட்டிக்கொள்ளும். இரு பக்கமும் எம்டியுவை 1412 ஆக்குங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் 1280 போட்டுப் பாருங்கள்.

வேகம் எவ்வளவு கிடைக்கும்?

வீட்டின் அப்லோடு வேகம்தான் உச்சவரம்பு, ஏனென்றால் வீட்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொன்றும் அப்லோடு. பெரும்பாலான ஃபைபர் திட்டங்களில் அப்லோடும் டவுன்லோடும் ஒன்றே என்பதால் கவலையில்லை.

விபிஎன் ஆன் செய்தால் வங்கி ஆப் திறக்க மறுக்கிறது.

சில வங்கி, யுபிஐ ஆப்கள் விபிஎன் ஓடுவதைப் பார்த்தாலே நின்றுவிடும். ஆண்ட்ராய்டு வயர்கார்டில் குறிப்பிட்ட ஆப்களை விலக்கி வைக்கும் வசதி இருக்கிறது, அதில் வங்கி ஆப்பைச் சேருங்கள். அப்படியும் அடம் பிடித்தால் பணம் அனுப்பும் நேரத்தில் அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அலுவலக விபிஎன்னை இயக்கினால் வீட்டு விபிஎன் விழுந்துவிடும்.

சட்டப்படி இது சரியா?

இந்தியாவில் உங்கள் சொந்த வீட்டுக்கு நீங்களே விபிஎன் போட்டுக்கொள்வதற்குத் தடை இல்லை. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் (இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) வெளியிட்ட உத்தரவைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். பொதுமக்களுக்குச் சேவையாக விபிஎன் தரும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது அது. எக்ஸ்பிரஸ்விபிஎன் உள்ளிட்ட சில நிறுவனங்கள் தங்கள் இந்திய சர்வர்களை எடுத்துவிட்டதற்கு அதுவே காரணம். அப்பா, அம்மா, தங்கை என்று வீட்டுக்குள் பயன்படுத்துவது அந்தக் கணக்கில் வராது. பக்கத்து வீட்டுக்காரருக்கு மாதக் கட்டணத்துக்குக் கொடுக்க ஆரம்பித்தால் வேறு கதை.

அமீரகத்தில் இருப்பவர்கள் கவனம். அங்கே 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் இணையக் குற்றச் சட்டப்படி, குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ ஐபி முகவரியை மாற்றிக் காட்டினால் அபராதம் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை, சிறையும் உண்டு. வீட்டுக் கேமரா பார்ப்பது ஒன்று. அங்கே தடுக்கப்பட்ட வீடியோ அழைப்புகளுக்கு ஊர் வீட்டு விபிஎன்னைப் பாதையாக்குவது வேறு. பின்னதற்கு அமைத்துத் தரச் சொல்லி யார் கேட்டாலும் நான் மறுத்துவிடுவேன்.

கரண்ட் போனால்?

ரூட்டருக்கும் பைக்கும் தனித்தனி மின் அளவு என்பதைப் பார்த்து மினி யுபிஎஸ் வாங்குங்கள். ரூட்டருக்குப் பெரும்பாலும் 12 வோல்ட், பைக்கு 5 வோல்ட். திடீரென்று மின்சாரம் நின்றால் பையின் மெமரி கார்டு கெடும் வாய்ப்பு உண்டு. எல்லாம் சரியாக ஓடும் நாளிலேயே கார்டை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பை வெளியே உள்ள விபிஎஸ்ஸை நோக்கி இணைப்பைத் தொடங்கும் அமைப்பில் இன்னொரு சிக்கல் வரும். பை 4-இல் பேட்டரி கடிகாரம் இல்லை. மின்சாரம் வந்து எழும்போது அதன் நேரம் பின்தங்கியிருக்கும். பழைய நேரமுத்திரையோடு வரும் ஹேண்ட்ஷேக்கை வயர்கார்டு ஏற்காது. பை இணையத்திலிருந்து சரியான நேரத்தை எடுத்துக்கொண்ட பிறகே வயர்கார்டு தொடங்கும்படி வரிசை அமையுங்கள். இதே அமைப்பில் பையின் பக்கம் 'பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்' 25 வினாடி என்று போடுவதும் அவசியம். இல்லாவிட்டால் நடுவில் உள்ள நாட் (முகவரியைப் பங்கு போடும் பெட்டி) இணைப்பை மறந்துவிடும்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே கான்ஃபிக் போதாதா?

போதாது. ஒரே கீயோடு இரண்டு போன் வந்தால், கடைசியாகப் பேசிய போனின் இடத்தைத்தான் சர்வர் நினைவில் வைக்கும். இரண்டும் மாறி மாறிப் பிடுங்கிக்கொள்ளும். ஆளுக்கு ஒன்றல்ல, கருவிக்கு ஒன்று.

போன் தொலைந்துவிட்டது. பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமா?

வயர்கார்டில் பாஸ்வேர்டே கிடையாது. அந்தக் கீதான் எல்லாம். சர்வரில் அந்தப் போனுக்கான பியர் (இணையும் கருவி) பகுதியை அழித்துவிட்டு வயர்கார்டை மீண்டும் தொடங்குங்கள், அந்த நொடியிலிருந்து அந்தப் போன் வெளியாள். மற்றவர்களின் கான்ஃபிக்கைத் தொட வேண்டாம். கருவிக்கு ஒரு கீ கொடுத்தது இதற்காகவும்தான். எந்தக் கீ எந்தப் போனுடையது என்று பியர் பகுதியின் மேலேயே ஒரு வரி எழுதி வைத்திருந்தால் தேட வேண்டியதில்லை. பழைய போனை விற்கும்போதும் இதையே செய்யுங்கள்.